மறுக்காதவளுக்கு வரிசை இல்லை

என் ஓரகத்திக்குப் பயம் வந்தால் தெருவுக்கே தெரியும். எனக்கு ரத்தம் போவது எனக்கு மட்டும்தான் தெரியும். இந்த ஒரு வித்தியாசத்தால் நான்கு மாதம் நான் பட்ட பாட்டைத்தான் சொல்லப்போகிறேன். நடுநிலையோடு சொல்வேன் என்று எதிர்பார்க்க வேண்டாம். எனக்கு இன்னமும் வயிறு எரிகிறது.

நாங்கள் இருவரும் ஒரே வீட்டுக்கு மருமகள்களாக வந்தவர்கள். அவள் மூத்தவரைக் கட்டிக்கொண்டு மாடிக்குப் போனாள். நான் இளையவரைக் கட்டிக்கொண்டு கீழேயே நின்றுவிட்டேன். வேலையும் இருவருக்கும் ஒரே சட்டைத் தொழிற்சாலையில். நான் காலர் தைப்பவள். ஒன்பது வருடமாக ஆள் இல்லாத கழுத்துகளாகத் தைத்துத் தள்ளுகிறேன். அவள் சட்டையை மடித்து, அட்டை வைத்து, குண்டூசி குத்தும் பிரிவில் இருக்கிறாள். அவள் விரலில் குண்டூசி லேசாகப் பட்டால் போதும், மேற்பார்வையாளர் ஓடி வருவார், பின்னாலேயே ஒரு நாற்காலி வரும். என் விரலில் ஒருமுறை மெஷின் ஊசியே இறங்கி மறுபக்கம் எட்டிப் பார்த்தது. "காலர்ல கறை பட்டுடாம பாத்துக்கோ" என்றார் அதே மேற்பார்வையாளர்.

எனக்கு இரண்டு மாதவிலக்குக்கு நடுவில் ரத்தம் பட ஆரம்பித்து மூன்று மாதம் ஆகியிருந்தது. கணவரிடம் சொல்ல வாயெடுத்தேன். "பொம்பளைங்க விஷயம்னா அண்ணிகிட்ட கேளு" என்று எழுந்து போய்விட்டார். அண்ணி என்றால் என் ஓரகத்திதான். உயிரே போனாலும் அவளிடம் கேட்க மாட்டேன் என்று இருந்தேன். ஆனால் எங்கள் வரிசையில் கைப்பகுதி தைத்துக்கொண்டிருந்தவளுக்கு இரண்டு வருடத்துக்கு முன் இப்படித்தான் ஆரம்பித்தது. இப்போது அவள் மெஷினில் வேறொருத்தி உட்கார்ந்திருக்கிறாள். பாவாடை துவைக்கும்போதெல்லாம் எனக்கு அவள் நினைவுதான்.

அந்தச் சமயத்தில்தான் தொழிற்சாலைக்கு இரண்டு தெரு தள்ளி, போன வருடம் திறந்த ஒரு மையத்திலிருந்து எங்களுக்கு அழைப்பு வந்தது. மூன்று மாடிக் கட்டடம். வாசலில் பலகை: 'பெண்கள் முன்பரிசோதனை மனப்பான்மை மேம்பாட்டு மையம்.' கீழே சின்ன எழுத்தில், 'கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனையும் உண்டு.' அந்தச் சின்ன எழுத்தைப் படித்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. தொழிற்சாலையில் எல்லோருக்கும் அரை நாள் விடுப்புக் கொடுத்து, பிரிவு பிரிவாக அனுப்பினார்கள். என் கெட்ட நேரம், காலர் பிரிவும் குண்டூசிப் பிரிவும் ஒரே நாளில் போயின.

முதலில் ஒரு படிவம். அறுபத்து நான்கு கேள்விகள். 'அந்தப் பகுதியைப் பற்றி நினைக்கும்போது உங்களுக்கு என்ன தோன்றுகிறது?' 'அந்தப் பகுதியைப் பரிசோதிப்பது என்றால் உங்கள் குடும்பத்தார் என்ன சொல்வார்கள்?' படிவம் முழுக்க அந்தப் பகுதி, அந்தப் பகுதி என்றே இருந்தது. எல்லைத் தகராறு உள்ள ஏதோ நிலத்தைப் பற்றிக் கேட்பதாகத்தான் முதலில் நினைத்தேன். புரிந்ததும் எல்லாவற்றுக்கும் ஒழுங்காகப் பதில் எழுதினேன். பயமில்லை. வெட்கமில்லை. இன்றைக்கே தயார்.

என் ஓரகத்தி முதல் கேள்வியைப் படித்துவிட்டுப் பேனாவைக் கீழே போட்டாள். "ஐயோ, எனக்கு வேணாம்! நான் வீட்டுக்குப் போறேன்!" என்று அழ ஆரம்பித்தாள்.

உடனே எங்கோ மணி அடித்தது. மூன்று கதவுகள் திறந்தன. மூன்று பேர் ஓடி வந்தார்கள். ஒருத்தி தோளைப் பிடித்தாள், ஒருத்தி காகிதக் கைக்குட்டை நீட்டினாள், மூன்றாவது ஆள் அவள் அழும் நேரத்தைக் கடிகாரத்தில் பார்த்துக் குறித்துக்கொண்டார். சோபா போட்ட அறைக்கு அவளை அணைத்துக் கூட்டிப் போனார்கள். கதவு மூடும்போது உள்ளே ஒரு மீன் தொட்டிகூடத் தெரிந்தது.

என் படிவத்தை ஆலோசகி என்ற இளம்பெண் திருத்தினாள். "அறுபத்து நாலுக்கு அறுபத்து நாலு! அருமைம்மா. உங்களுக்கு ஒண்ணுமே இல்ல. நீங்க போகலாம்."

"பரிசோதனை?"

"எதுக்கு? உங்க மனப்பான்மைதான் நூத்துக்கு நூறு இருக்கே."

"மனப்பான்மையில கோளாறு இல்லம்மா. கீழதான் ரத்தம் போகுது."

அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அந்தப் பகுதி மூணாவது மாடி. அங்க போகணும்னா முதல்ல உங்களுக்கு ஒரு மறுப்பு இருக்கணும். அதை நாங்க மாத்தணும். மாத்தினவங்களைத்தான் மேல அனுப்புவோம். ஏற்கெனவே சம்மதிச்சவங்களை அனுப்பினா எங்க உழைப்பு எங்கம்மா தெரியும்?"

எனக்குப் புரியவில்லை. புரியாததற்கும் அவளிடம் ஒரு படிவம் இருந்தது. அதையும் பூர்த்தி செய்து கொடுத்துவிட்டு வந்தேன்.

அதன்பிறகுதான் என் நரகம் ஆரம்பித்தது. என் ஓரகத்திக்கு 'தீவிரத் தயக்கம், முதல் தரம்' என்று சான்று கொடுத்து, சட்டையில் குத்திக்கொள்ள ஒரு வில்லையும் எண்ணும் கொடுத்திருந்தார்கள். வியாழன்தோறும் ஆலோசகி வீட்டுக்கே வந்தாள். முதல் வாரம் பழக்கூடை. இரண்டாம் வாரம் முதுகுக்குத் தலையணை. மூன்றாம் வாரம் அவள் பயத்தைப் படமாக வரைய வண்ணப் பென்சில்கள். நான் துணிக்கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு மாடிப்படியில் நாலாவது படியில் நின்று கேட்பேன்.

"இன்னிக்கு மனசு எப்படி இருக்கு?" இது ஆலோசகி.

"கொஞ்சம் பரவாயில்ல. ஆனா நெனச்சாலே கை கால் நடுங்குது."

"நடுங்கட்டும். அவசரமே இல்ல. உங்களுக்காக நாங்க எத்தனை மாசம் வேணும்னாலும் காத்திருப்போம்."

எத்தனை மாசம் வேண்டுமானாலுமாம்! என் மனசு எப்படி இருக்கிறது என்று கல்யாணம் ஆன நாளிலிருந்து ஒரு ஆள் கேட்டதில்லை. இவளுக்கு வாரா வாரம் வீடு தேடி வந்து கேட்கிறார்கள். என் கணவர் வேறு, "அண்ணி பாவம், பயந்த சுபாவம். அவங்க வேலையையும் கொஞ்சம் நீ பாத்துக்கோ" என்றார். அவளுடைய துணியையும் சேர்த்துத் துவைத்தேன். எனக்கு ரத்தம் போனதோடு பொறாமையில் அந்த வாரம் தூக்கமும் போயிற்று.

மையத்தின் இயக்குநர் தொழிற்சாலைக்கு வந்து உரையாற்றினார். நல்ல உயரம், நல்ல கோட்டு. மெஷின்களை நிறுத்திவிட்டு எல்லோரும் கேட்டோம்.

"நோயைக் கண்டுபிடிக்க எந்த ஆஸ்பத்திரியும் போதும். தயக்கத்தைக் கண்டுபிடிக்க நாங்கதான் வேணும். ஒரு பெண் அந்தப் பகுதியைக் காட்டத் தயங்குறா. ஏன்? நாங்க கேக்குறோம். அறுபத்து நாலு விதமா கேக்குறோம். போன வருஷம் எண்ணூறு பெண்கள் தங்களுக்குத் தயக்கம் இருக்குன்னே தெரியாம வாழ்ந்துட்டிருந்தாங்க. நாங்கதான் கண்டுபிடிச்சு எடுத்துச் சொன்னோம். இப்ப அத்தனை பேரும் நல்லாத் தயங்குறாங்க!"

கைதட்டினார்கள். நான் எழுந்து, "அதுல எத்தனை பேருக்குப் பரிசோதனை பண்ணீங்க?" என்று கேட்டேன்.

அவர் புன்னகைத்தார். "நல்ல கேள்வி. ஆனா அது மருத்துவம் சம்பந்தப்பட்டது. நாங்க அதுல தலையிடுறதில்ல."

பிறகு என் ஓரகத்தியை மேடைக்கு அழைத்து, "இவங்க எங்க மையத்தோட பெருமை. இப்படிப்பட்ட மறுப்பை என் அனுபவத்துல பார்த்ததில்ல" என்றார். அவள் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். அந்தக் குனிவுக்கும் ஒரு படம் எடுத்தார்கள். மறுநாள் அது எங்கள் சாப்பாட்டுக் கூடத்துச் சுவரில் ஏறிவிட்டது. அதைப் பார்த்துக்கொண்டே சாப்பிட வேண்டியதாயிற்று.

சரி, பயம்தானே வேண்டும், பயந்தால் போயிற்று என்று முடிவு செய்தேன். ஒரு வாரம் கண்ணாடி முன்னால் நின்று பயந்து பழகினேன். என் கணவர் பார்த்துவிட்டு, "பல்லு வலியா?" என்றார். அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு மையத்துக்குப் போய்ப் புதுப் படிவம் வாங்கினேன். பயமாக இருக்கிறது, வெட்கமாக இருக்கிறது, செத்தாலும் வர மாட்டேன் என்று அறுபத்து நான்குக்கும் எழுதிக் கொடுத்துவிட்டு, என்னால் முடிந்தவரை அழுதேன். மணி அடிக்கவில்லை.

ஆலோசகி இரண்டு படிவங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். "ரெண்டு மாசத்துக்கு முன்னாடி உங்களுக்குப் பயமே இல்லியே. திடீர்னு எப்படி வந்துச்சு?"

"ரத்தம் இன்னும் ஜாஸ்தியாயிடுச்சும்மா. நிஜமாவே பயமாத்தான் இருக்கு." இதைச் சொல்லும்போது எனக்கு உண்மையாகவே அழுகை வந்துவிட்டது.

அவள் வருத்தத்தோடு தலையை ஆட்டினாள். "இது காரணத்தோட வர்ற பயம். இதை நாங்க எடுத்துக்க முடியாது. எங்களுக்குக் காரணமில்லாத பயம்தான் வேணும். அதைத்தான் பேசிப் போக்க முடியும். உங்களுதை எப்படிப் போக்குறது? பரிசோதனைதான் பண்ணணும்."

"அதைத்தானேம்மா நானும் கேக்குறேன்!"

"அதுக்குத்தான் நீங்க முதல்ல மறுக்கணும்ங்கிறேன்."

வெளியே வந்து மூன்றாவது மாடியை அண்ணாந்து பார்த்தேன். ஒரு ஜன்னல் திறந்திருந்தது. ஒரு நர்ஸ் கையை ஜன்னலில் ஊன்றித் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அவரைக் கூப்பிட வேண்டும்போல இருந்தது. காவலாளி கேட்டை மூடிவிட்டார்.

நாலாவது மாதம் மையத்தின் ஆண்டு விழா வந்தது. மறுப்பு, கண்ணீர், கேள்வி, யோசனை என்று நான்கு கட்டங்களையும் என் ஓரகத்தி தாண்டிவிட்டாளாம். ஐந்தாவது கட்டமான மனமாற்றம் விழா மேடையிலேயே நடக்கும், அங்கிருந்து கேமரா பின்தொடர அவள் மூன்றாவது மாடிக்கு ஏறிப் பரிசோதனை அறைக்குள் நுழைவாள் என்று அறிவித்தார்கள். குடும்பத்தோடு போனோம். எனக்குப் போக மனசில்லை. ஆனால் அவளுக்கு என்ன பரிசு கொடுக்கிறார்கள் என்று பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை.

மேடையில் அவளிடம் ஒலிபெருக்கியைக் கொடுத்தார்கள். "நான்... சம்மதிக்கிறேன்" என்றாள். கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. என் கணவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் நான்கு மாதத்துக்கு முன்னால் இதே வார்த்தையை எழுதிக் கொடுத்தபோது பேனாவைத் திருப்பிக் கேட்டார்களே தவிர வேறொன்றும் செய்யவில்லை.

அப்போது அவள் ஒலிபெருக்கியிலேயே, "ஆனா துணைக்கு என் ஓரகத்தி வரணும். இல்லன்னா நான் போக மாட்டேன்" என்றாள். இயக்குநர் முகம் வெளுத்துவிட்டது. மறுப்பு திரும்பி வந்துவிடுமோ என்ற பயம். என்னைப் பிடித்து இழுக்காத குறையாக மேலே ஏற்றினார்கள். அவளுக்கு எடுபிடியாகவும் போக வேண்டும் என்று என் தலையில் எழுதியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அறை வாசலில் நாடா வெட்டினார்கள். கதவு மூடியது. வெளியே வாத்தியம் முழங்கியது.

உள்ளே ஒரு கட்டில், ஒரு விளக்கு, ஜன்னலில் பார்த்த அதே நர்ஸ். எங்களை உற்றுப் பார்த்தார். "நான் வேலைக்கு வந்த எட்டு மாசத்துல நீங்கதான் முதல் ஆளு" என்றார்.

கதவு மூடியதும் என் ஓரகத்தி தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவள் உடம்பு முழுக்க நடுங்கியது. நாலு மாதமாக அவள் நடிக்கிறாள் என்றுதான் நான் நினைத்திருந்தேன். பக்கத்தில் பார்த்தபோதுதான் தெரிந்தது, அவள் நடிக்கவே இல்லை. அத்தனை வியாழனும் சேர்ந்து அவள் பயத்தில் ஒரு மயிரளவுகூடக் குறைத்திருக்கவில்லை.

"அக்கா, எழுந்திரு" என்றேன்.

"நீ ஏறிப் படுடி" என்றாள்.

"என்னது?"

"உன் துணியும் என் துணியும் ஒரே கொடியிலதானே காயுது? எனக்குக் கண்ணு தெரியாதா? எவ்வளவு துவைச்சாலும் போகாத கறை. மூணு மாசமா அவங்ககிட்ட சொல்லிப் பாத்துட்டேன். 'மத்தவங்களைப் பத்திப் பேசுறது தப்பிக்கிற வழி, உங்க பயத்தைப் பத்தி மட்டும் பேசுங்க'ன்னாங்க. இந்த ரூமுக்குள்ள உன்னை எப்படிக் கொண்டு வர்றதுன்னு எனக்கு வேற வழி தெரியல. நீ படு, வெளிய தட்டுறதுக்குள்ள."

எனக்கு நன்றி வரவில்லை. கோபம்தான் வந்தது. நாலு மாதமாக நான் முட்டி மோதித் திறக்காத கதவை இவள் அழுதே திறந்துவிட்டாள், அதையும் எனக்காகத் திறந்ததாகச் சொல்கிறாள். இனி இவளை வெறுக்கக்கூட நிம்மதியாக முடியாது.

நர்ஸ் கேள்வி எதுவும் கேட்கவில்லை. மனப்பான்மை பற்றி அவருக்கு அக்கறையே இல்லை. "இடுப்பைத் தளர்த்துங்க. மூச்சை இழுத்து விடுங்க" என்றார். மெல்லிய தூரிகைபோல ஒன்றால் ஏதோ தொட்டு எடுத்தார். கொஞ்சம் சுருக்கென்றது. மூன்று நிமிடம்கூட ஆகியிருக்காது. பிறகு என் முகத்தைப் பார்த்து, "நடுவுல ரத்தம் படுதுன்னா இந்தச் சோதனைக்காகக் காத்திருக்கவே கூடாது. முதல் நாளே பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்திருக்கணும். கீழ யாரும் சொல்லலியா?" என்றார்.

"மூச்சு விடல" என்றேன்.

குப்பியில் என் ஓரகத்தியின் எண் அச்சடித்து ஏற்கெனவே ஒட்டியிருந்தது. அலுவலகத்தில் ஒட்டித்தான் அனுப்புவார்களாம். "எனக்கு இன்னிக்கு ஒரு குப்பிதான் கொடுத்திருக்காங்க. எண் யாரோடதா இருந்தாலும் முடிவு உங்களோடது. ஞாபகம் வெச்சுக்கங்க" என்றார் நர்ஸ். கதவைத் திறந்தோம். என் ஓரகத்தி கழுத்தில் பூமாலை விழுந்தது.

இரண்டு வாரத்தில் முடிவு வந்தது. தபாலில் வரவில்லை, ஊர்வலமாக வந்தது. இயக்குநர், ஆலோசகி, படம் எடுப்பவர் எல்லோரும் மாடி ஏறினார்கள். நானும் பின்னாலேயே ஏறினேன். 'சந்தேகத்துக்குரிய மாற்றங்கள் தென்படுகின்றன. உடனடியாக மேல்பரிசோதனை தேவை.' இதைப் படித்துவிட்டு இயக்குநர் கண்ணாடியைக் கழற்றினார்.

"எவ்வளவு பெரிய வெற்றி பாருங்க! நாலு மாசம் இவங்க மனசை நாங்க பக்குவப்படுத்தலேன்னா இந்த நோய் வெளியவே வந்திருக்காது."

என் கணவர், "அண்ணிக்கா இப்படி!" என்று தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அவர் அண்ணன் சுவரில் சாய்ந்துவிட்டார். அக்கம்பக்கத்துப் பெண்கள் அவளைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். நான் மாடிப்படி ஓரமாக நின்றேன். எனக்கு வந்த நோய். அதற்கும் அவளைத்தான் கட்டிக்கொண்டு அழுகிறார்கள். செய்தி கேட்டு எனக்குப் பயம் வருவதற்கு முன்னால் பொறாமை வந்துவிட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், அப்படித்தான் வந்தது.

"அது என்னோடது" என்றேன்.

எல்லோரும் திரும்பினார்கள். "எது?" என்றார் இயக்குநர்.

"நோய். அந்தக் குப்பியில இருந்தது என்னோடது."

"ஏண்டி, உனக்கு வெட்கமா இல்ல?" என்றார் என் கணவர். "அவங்க பழக்கூடை மேல கண்ணு வெச்சே, சரி. நோய்லயுமா பங்கு கேப்பே?"

இயக்குநர் அவரைக் கையமர்த்தினார். "திட்டாதீங்க. பொறாமை ரொம்ப இயல்பான உணர்ச்சி. அதுக்கும் எங்ககிட்ட ஒரு படிவம் இருக்கு."

என் ஓரகத்தி எழுந்து நின்றாள். "அவ சொல்றது நிஜம். கட்டில்ல படுத்தது அவதான். நான் தரையில உட்கார்ந்திருந்தேன். இது என் நோய் இல்ல."

ஆலோசகி வாயைப் பொத்திக்கொண்டாள். இயக்குநர் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். "மறுப்பு திரும்பிடுச்சு" என்றார் உடைந்த குரலில். "என் நோய் இல்லேன்னு சொல்றாங்க பாருங்க, புத்தகத்துல இருக்குற மாதிரியே. மறுபடி முதல் கட்டத்துலேர்ந்து ஆரம்பிக்கணும். வியாழக்கிழமைக்குப் போட்டுக்கம்மா." கடிதத்தை மடித்துக் கோப்புக்குள் வைத்துக்கொள்ளப் போனார்.

அப்போதுதான் என் ஓரகத்தி ஒரு காரியம் செய்தாள். பாய்ந்து போய்க் கடிதத்தைப் பிடுங்கி ரவிக்கைக்குள் செருகிக்கொண்டாள். "அந்தப் பகுதிக்குப் பக்கத்துல கை வெச்சு எடுங்க பாப்போம்" என்றாள். இயக்குநர் கோப்பை மூடிக்கொண்டு எழுந்துவிட்டார்.

மறுநாள் காலையில் இருவரும் யாரிடமும் சொல்லாமல் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். பேருந்தில் ஏறியது முதல் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு நடுங்கிக்கொண்டே வந்தாள். பெண்கள் பிரிவில் நீள வரிசை. அங்கே சம்மதித்தவள், மறுத்தவள் என்றெல்லாம் பார்க்கவில்லை. முதலில் வந்தவள், பின்னால் வந்தவள் என்றுதான் பார்த்தார்கள். எனக்கு அந்த வரிசையே பெரிய மரியாதையாகத் தெரிந்தது.

டாக்டரம்மா கடிதத்தை வாங்கிப் படித்தார். "யாருக்கு?"

"எனக்கு" என்றேன். தேவைக்கு மேல் சத்தமாகச் சொல்லிவிட்டேன்போல. வெளியே வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

திரைக்குப் பின்னால் படுக்க வைத்துப் பார்த்தார். ஒரு துளி சதை எடுத்தார். கை கழுவிக்கொண்டே, "எத்தனை மாசமா ரத்தம் படுது?" என்றார்.

"ஏழு மாசம் முடிஞ்சுது."

அவர் முகம் சுருங்கியது. "வைத்தியம் இருக்கு, பண்ணிடலாம். ஆனா நாலு மாசம் முன்னாடி வந்திருந்தா சின்ன விஷயமா முடிஞ்சிருக்கும். ஏம்மா, படிச்சுப் படிச்சுச் சொல்றோம், இப்படியா பயந்துக்கிட்டு வராம இருப்பீங்க?"

சொல்ல வேண்டிய பதில் நாலு மாதமாக என் நாக்கு நுனியில் இருந்தது. அதைச் சொல்ல எனக்குக் கிடைத்த ஒரே சந்தர்ப்பம் அது. வாயைத் திறந்தேன்.

"அவளுக்குப் பயமே கிடையாது டாக்டர்" என்றாள் என் ஓரகத்தி, பல் கிட்டித்துக்கொண்டு நடுங்கியபடி. "அதனாலதான் அவளை யாருமே பாக்கல."

அதையும் அவளே சொல்லிவிட்டாள்.